இருபத்து நான்கு தோட்டா

தானம் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
என் வேலையோ
தானம் போகிற மாட்டின் பல்லை
முன்கூட்டியே எண்ணி
இரண்டைப் பிடுங்கிவிட்டு அனுப்புவது.

கயானி நகரில், டிசம்பரில்,
பத்து மணிக்கு எழுந்து
இரண்டேகாலுக்குப் படுத்துவிடும் சூரியன்.
மிச்சப் பொழுதெல்லாம் திரை வெளிச்சம்.

ஆட்டத்துக்குள் புதிதாய் வருகிறவருக்கு
ஒரு துப்பாக்கி, ஒரு மேல்கவசம்,
இரண்டு கட்டுத்துணி
சும்மா தருகிறோம்.
செத்தால் மறுபடி தருகிறோம்.
எத்தனை சாவென்று கணக்கு வைப்பதில்லை.
வைக்கிறோம்; சொல்வதில்லை.

கோடையில் முப்பது தோட்டா கொடுத்தோம்,
கைகொடுத்து ஏற்றிவிடத்தான்.
ஏறிக்கொண்டது வேறு ஆட்கள்.
ஆயிரம் மணிநேரம் ஆடியவர்கள்
சொந்தத் துப்பாக்கியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு
இலவசத்தை மாட்டிக்கொண்டு வந்தார்கள்,
கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவர்கள் மாதிரி
வெட்டவெளியில் நடந்து.
இழக்க ஒன்றுமில்லாத கை நடுங்குவதில்லை.
மூன்று வாரம் சேர்த்து வாங்கிய கவசத்தோடு
கதவிடுக்கில் மூச்சடக்கி நின்றவன்
ஓசித் தோட்டாவில் விழுந்தான்.
அவன் புகாரில் ஒரே வரி:
பயப்படுகிறவனைத்தான் தண்டிப்பீர்களா?

பதினெட்டாக்கு, என்றான் யால்மாரி.
ஆக்கினேன்.

பிறகு ஈரக்காலுறை47 வந்தார்.
ஆணா பெண்ணா, எந்த வயது, தெரியாது.
இரவு பதினொன்றரைக்கு வருவார், கால்மணி நேரம்.
முதல் சாவு பதினோராம் நொடியில்.
அடுத்தது, படிக்கட்டடியில்
அண்ணாந்து பார்த்தபோது.
ஐந்தாவதில் ஓர் எதிரியைக் கண்டு
பதினெட்டையும் சுட்டார்.
பதினெட்டும் சுவரில்.
துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு
குனிந்து நிமிர்ந்தார், குனிந்து நிமிர்ந்தார்.
எங்கள் ஆட்டத்தில் அதுதான் கும்பிடு.
சுட்டுவிட்டார்கள்.
ஒன்பது இரவு.
பத்தாம் இரவு வரவில்லை.
என் வரைபடத்தின் கோடு
ஒரு மயிரிழை இறங்கியது.

அந்த வாரம்தான்
வியெனோவுக்குப் பெட்டி வந்தது.
இந்த நாட்டில் பிறக்கப்போகிற பிள்ளைக்கு
அரசாங்கம் அனுப்பும் அட்டைப்பெட்டி.
வேலை மேசைமேலேயே பிரித்தாள்.
கம்பளிக் காலுறை, போர்வை, பனிக்கோட்டு,
என் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கத்தரி.
அடியில் மெத்தை. பெட்டியே தொட்டில்.
யால்மாரி பழக்கதோஷத்தில் போர்வையைத் தடவி
"ரொம்பக் கனம், சமநிலை கெட்டுவிடும்" என்றான்.
சிரித்தோம்.
சிரித்து ஓய்ந்த பிறகும் நான்
பனிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இந்த ஊர்க் குளிருக்குத் தாங்கும் கோட்டு.
அதில் யாரும் ஒரு நூலைக்கூடக் குறைக்கவில்லை.
வளர்ந்தவன் எவனுக்கும்
அதில் கை நுழையாது,
அவ்வளவுதான் காவல்.

இரவோடு இரவாக எழுதினேன்:
முதல் இருபது மணிநேரம் முழு முப்பது.
பிறகு மணிக்கு ஒன்றாய்க் குறையும்,
சட்டை சிறுத்துப்போவது போல.
பழையவர்கள் புதுப் பெயரில் பிறந்து வருவார்கள்.
வரட்டும்.
மறுபிறப்பைத் தடுக்க எனக்கு அதிகாரமில்லை.

காலைக் கூட்டத்தில்
மீன்சந்தை போலப் பேரம்.
முப்பது என்றேன், பதினெட்டு என்றார்கள்.
இருபத்து நான்கில் படிந்தது.

மிச்சம் ஆறு தோட்டாவை
யாரிடமும் கேட்காமல்
அந்தப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தேன்.
நின்றால் தெரியாது, ஓடினால் தெரியாது.
குனிகிறவர் கண்ணுக்கு மட்டும் படும்.

ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.
அந்த ஒரு வாரத்துக்குள்
யாராவது கும்பிடட்டும்.